ஒரு மீட்டருக்கு அப்பால்

ஒரு லென்ஸைத் தேர்ந்தெடுக்க ஒருவன் மூன்று மாதம் யோசித்தான் என்றால் அதைப் பணமுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்றுதான் நண்பர்கள் நினைப்பார்கள். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் தோன்றியது. கவிதையும் விமர்சனமும் வருகிற பக்கங்களில் இதை எழுதுவதற்கு என்ன நியாயம் என்பது கட்டுரை முடிவதற்குள் விளங்காவிட்டால் குற்றம் என்னுடையதுதான்.

கும்பகோணத்தில் நெடுங்காலம் ஸ்டூடியோ நடத்தி மூடிவிட்ட பெரியவர் ஒருவரிடமிருந்து லைக்கா எம் 3 காமிரா ஒன்று என் கைக்கு வந்தது. 1954-ல் வெளிவந்த வகை. அதனோடு 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று. முகங்களை எடுக்க அது போதாது என்று அவரே சொல்லி, தம்மிடமிருந்த இரண்டு 90 மில்லிமீட்டர் லென்ஸ்களையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். "மூணு மாசம் வெச்சுப் பாருங்க சார். எது ஒத்து வருதோ அத வெச்சுக்குங்க, மத்தத திருப்பிக் குடுத்துடுங்க" என்றார். ஒன்று சம்மிக்ரான், எஃப் 2 திறப்பு, அரைக் கிலோவுக்கு மேல் கனம். மற்றது எல்மார், எஃப் 4, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். இரண்டுக்கும் விலையில் இருந்த வித்தியாசம் வங்கிக் குமாஸ்தாவான என் மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி.

தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தெரியாதவர்களுக்காகச் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். எஃப் 2 என்பது எஃப் 4-ஐப்போல நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இதைத்தான் வேகமான லென்ஸ் என்கிறார்கள். வேகத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. ஒரு மீட்டர் தூரத்திலிருக்கும் முகத்தை இந்த லென்ஸ் எஃப் 2-ல் எடுத்தால் தெளிவாக விழுகிற ஆழம் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. கண்ணிமை ஒவ்வொரு மயிராகத் தெரியும். காது கரையத் தொடங்கியிருக்கும். முதுகுக்குப் பின்னால் இருப்பது எதுவானாலும், சுவரோ வயலோ வைக்கோற்போரோ, பாலில் கலந்த சாயம்போல ஆகிவிடும். முகம் மட்டும் உலகத்திலிருந்து பிடுங்கி எடுக்கப்பட்டதுபோல் மிதக்கும். இந்த மிதப்புக்குத்தான் விலை. இன்று கைபேசியில்கூட இதற்கு ஒரு பொத்தான் வந்துவிட்டது. பின்னணியைக் கணக்குப் போட்டு மங்கலாக்கித் தருகிறது. கல்யாணப் பத்திரிகையிலிருந்து கண்ணீர் அஞ்சலித் தட்டி வரை இந்த மங்கலே கௌரவத்தின் அடையாளம்.

ஏன் 90? முகத்தின் விகிதத்தை லென்ஸ் மாற்றுவதாகப் பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. தவறு. மூக்கைப் பெரிதாக்குவதும் காதைச் சிறிதாக்குவதும் நாம் நிற்கும் தூரம்தான். 50 லென்ஸில் முகம் சட்டத்தை நிரப்ப வேண்டுமானால் மூச்சுக்காற்று படுகிற கிட்டத்துக்குப் போயாக வேண்டும். அங்கிருந்து பார்த்தால் எந்த முகமும் மூக்காகத்தான் தெரியும். 90 நம்மை ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்க அனுமதிக்கிறது. ஆகவே லென்ஸைத் தேர்ந்தெடுப்பது என்பது, உண்மையில், இன்னொரு மனிதனிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பது என்று தீர்மானிப்பது. திறப்பைத் தேர்ந்தெடுப்பது அந்த மனிதனோடு சேர்த்து எதை எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிப்பது. இரண்டையும் அழகுப் பிரச்னைகளாக மட்டுமே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது. ஒரு மனிதன் இன்னொருவனிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை இங்கே லென்ஸ் வருவதற்கு வெகுகாலம் முன்பே அளந்து வைத்துவிட்டார்கள். எந்தத் தெருவுக்குள் எதுவரை வரலாம், வாசலில் எந்த இடத்தில் நிற்கலாம், களத்தில் கூலி நெல்லை எவ்வளவு தள்ளி நின்று முந்தானையில் ஏந்திக்கொள்ளலாம் என்பதற்கெல்லாம் கணக்கு இருந்தது. லென்ஸின் கழுத்தில் மீட்டரும் அடியும் பொறித்திருப்பதைப்போல அந்தக் கணக்கு எங்கும் எழுதப்படவில்லை. எழுதத் தேவை இருக்கவில்லை. ரேஞ்ச்ஃபைண்டர் காமிராக்களுக்கான இந்த மாதிரி லென்ஸ்கள் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் குவிவதில்லை. அந்த ஒரு மீட்டரைக் கைவிரலில் உணர்ந்தபோது, மரியாதையான தூரம் என்று நான் சொல்லிக்கொண்டது யாருடைய மரியாதை என்ற கேள்வி வந்தது.

இன்னொரு ஒரு மீட்டர் எனக்குப் பழக்கமானது. வங்கியில் என் கவுண்டருக்கும் எதிரே நிற்பவருக்கும் நடுவே உள்ள தூரம் ஏறத்தாழ அதுதான். பயிர்க்கடன், நகைக்கடன், முதியோர் உதவித்தொகை என்று ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு விண்ணப்பம். விண்ணப்பத்தில் ஒரு பாஸ்போர்ட் அளவுப் போட்டோ. போட்டோவில் பாதி, காகிதத்தில் பாதி விழும்படி ஒரு முத்திரை. போட்டோவைப் பார்த்து, நிமிர்ந்து ஆளைப் பார்த்து, மறுபடியும் போட்டோவைப் பார்ப்பது என் உத்தியோகம். அந்தப் போட்டோக்களிலும் பின்னணி கிடையாது. நீலத்துணி அல்லது வெள்ளைத்துணி. எவருக்கும் ஊர் இல்லை, வீடு இல்லை, பின்னால் யாரும் நிற்கவில்லை. பின்னணி நீங்கிய முகம் தனித்துவம் பெறும் என்று கலை விமர்சனத்தில் படிக்கிறோம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியும், பின்னணி நீங்கிய முகம் பதிவேட்டில் ஒட்டுவதற்கும் வசதியானது.

உதவித்தொகை வாங்க வரும் அம்மா ஒருவர். எழுபதைத் தாண்டியவர். என் தாத்தாவின் நிலங்களில் நடவு நட்டவர் என்று ஒரு நாள் அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். நிலமெல்லாம் என் தகப்பனார் காலத்திலேயே கைமாறிவிட்டது. தாத்தாவை அவர் வீட்டார் ஐயா என்று கூப்பிட்டார்கள். தாத்தா அவரைப் பெயர் சொல்லி, வா போ என்றார். என்னை அவர் தம்பி என்கிறார். நான் அவரை அம்மா என்கிறேன். இரண்டு தலைமுறையில் நிகழ்ந்த இந்த மாற்றத்தில் எனக்குள் ஒரு ரகசியத் திருப்தி இருந்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் போட்டோ எடுக்க ஆசைப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். கேட்டேன். சிரித்துவிட்டு, "இந்த மூஞ்சிய எடுத்து என்ன பண்ணப் போற தம்பி? சரி, ஞாயித்துக்கிழம வா" என்றார்.

வெண்ணாற்றுக்குத் தெற்கே அவர் ஊர். குறுவை அறுப்பு முடிந்து சம்பாவுக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த சமயம். காவிரிச் சமவெளியில் வெளிச்சம் நான்கு பக்கமிருந்தும் வருகிறது. மலையில்லை, மேடில்லை, அடிவானம் இடுப்பளவில் கிடக்கிறது. மத்தியான வெயிலில் எஃப் 2-ல் படம் எடுக்கவே முடியாது. 400 வேகப் பிலிம் போட்டிருந்தால் விநாடியில் முப்பத்திரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம் திரை திறந்து மூட வேண்டும். இந்தக் காமிராவுக்கு ஆயிரத்தில் ஒரு பங்குதான் எல்லை. ஆகவே 100 வேகப் பிலிம் வாங்கிக்கொண்டு போய், சாயங்காலம் ஐந்தரை மணி வரை காத்திருந்து, வேப்பமர நிழலில் அவரை நிற்க வைத்தேன். பின்னணியை அழிக்க நான் எவ்வளவு பிரயாசைப்பட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முகம் அபூர்வமாக வந்திருந்தது. நெற்றிச் சுருக்கங்களில் வெளிச்சம் வாய்க்கால் தண்ணீர்போல ஓடியிருந்தது. நாலைந்து நண்பர்களிடம் காட்டினேன். ஒரு கவிஞர் நெடுநேரம் பேசாமல் பார்த்தார். பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு எடுத்துப் போனேன். அந்த அம்மா கையில் வாங்கி, எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"நாந்தான். நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க நிக்கிறேன்னே தெரியலியே தம்பி. வூட்டக் காணுமே."

வீடு அவருக்குப் பின்னால் நாலு மீட்டரில் இருந்தது. ஓட்டு வீடு, முன்பக்கம் புதிதாக எழுப்பின செங்கல் சுவர், இன்னும் பூசவில்லை. படத்தில் அது இளஞ்சாம்பல் நிற ஆவியாக இருந்தது.

அந்த வீட்டின் சரித்திரத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். மனை என் தாத்தாவுடையது. அவர் நிலத்தில் வேலை செய்கிறவரை அதில் குடிசை போட்டுக்கொள்ளலாம். அவருக்கு மனம் கசந்தால் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். 1971-ல் வந்த குடியிருப்புச் சட்டம், இப்படி நிலச்சொந்தக்காரர்களின் மனையில் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்த மனையையே உரிமையாக்கியது. அதன்படி கையெழுத்தான காகிதம் வந்து சேர்வதற்குள் தம் மாமனார் நடந்த நடையை அந்த அம்மா கணக்குச் சொன்னார். தாத்தா என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "அதெல்லாம் போயிடுச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார். காகிதம் வந்த பிறகும் குடிசை குடிசையாகவே பல வருஷம் இருந்தது. ஓடு போட்டது மகன் திருப்பூருக்குப் போன பிறகு.

ஆக, அந்தச் சட்டம் கொடுத்ததை என் சட்டம் எடுத்துவிட்டது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது அன்றைக்கு வேடிக்கையாக இல்லை. என் தாத்தா விரும்பியிருந்தும் செய்ய முடியாமற்போனதை, அவர் பேரன் ஒரு ஜெர்மன் கண்ணாடியைக் கொண்டு, அன்போடு, விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கில் செய்து முடித்தான்.

இந்த இடத்தில் என் சார்பாக நானே வாதாடிப் பார்த்தேன். முகத்திலேயே எல்லாம் இருக்கிறது, பின்னணி எதற்கு என்பது முதல் வாதம். இதை லேசாகத் தள்ள முடியாது. 1950-ல் டோக்கியோவில் டேவிட் டக்ளஸ் டங்கன் என்ற அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர், அதுவரை வெளியுலகம் பெரிதாகக் கேள்விப்படாத ஜப்பானிய நிக்கோர் 85 மில்லிமீட்டர் எஃப் 2 லென்ஸால் எடுத்த படத்தைப் பார்த்து அசந்துபோய், தம் லைக்காவுக்கு அந்தக் கம்பெனி லென்ஸ்களையே வாங்கிக்கொண்டார். அந்த ஜூனில் கொரிய யுத்தம் மூண்டது. அவர் அங்கிருந்து அனுப்பிய சிப்பாய்களின் முகங்களில் யுத்தம் முழுவதும் இருந்தது. பின்னால் எந்தக் குன்று என்று யாரும் கேட்கவில்லை. உண்மை. ஆனால் அந்த முகங்கள் எந்த யுத்தத்தைச் சேர்ந்தவை என்று உலகத்துக்கு முன்பே தெரியும். பத்திரிகையின் மற்ற பக்கங்களெல்லாம் அந்தப் பின்னணியைத் தந்துகொண்டிருந்தன. நடவு நட்ட அம்மாவின் முகத்துக்கு அந்த மற்றப் பக்கங்களை யார் தருகிறார்கள்?

வேறொரு உதாரணம் நமக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. முகத்தை மிக அருகில், அரை மங்கலில் எடுப்பதை ஒரு கலையாகவே ஆக்கியவர் ஜூலியா மார்கரெட் காமரூன். கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் அவர் எடுத்தவர்கள் டென்னிஸன், டார்வின், ஹெர்ஷல். 1875-ல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். காப்பித் தோட்டங்கள் அவர்களுக்கு இருந்தன. 1879-ல் அங்கேயே இறந்தார். அந்த வருஷங்களில் அவர் எடுத்த படங்களில் சிலவே தப்பியிருக்கின்றன. அவற்றில் உள்ளூர் மக்களும் தோட்டங்களில் வேலை செய்தவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தோட்டக்கூலிகள் சென்னை மாகாணத்துத் தமிழ் ஜில்லாக்களிலிருந்து கப்பலேறியவர்கள். படங்களில் அதே வெளிச்சம், அதே அக்கறை. ஆனால் டார்வின் டார்வினாக இருக்கிறார். இவர்களுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. பின்னணி இல்லாமலும் டார்வின் டார்வின்தான், ஏனென்றால் அவருடைய பின்னணி புத்தகமாக நம் அலமாரியில் இருக்கிறது. பெயரில்லாதவரிடமிருந்து பின்னணியையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு மாதிரி, ஒரு வகை, 'ஒரு பெண்'.

பெரிய கோயிலை நினைத்துக்கொண்டேன். ராஜராஜன் தளிச்சேரிப் பெண்டுகளாகக் கொண்டுவந்து குடியமர்த்திய நானூறு பேரின் பட்டியல் அங்கே கல்லில் இருக்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், என்ன பெயர், எந்தத் தளிச்சேரியில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, வருஷத்துக்கு நூறு கலம் நெல் என்று ஒவ்வொருத்திக்கும். அதே கோயிலில் கருவறையைச் சுற்றிய குறுகலான இருட்டு நடையின் சுவரில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. நாயக்கர் காலத்தில் மேலே வேறு ஓவியம் தீட்டப்பட்டு மறைந்திருந்தவற்றை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு சொன்னார். பொதுவாக யாரையும் உள்ளே விடுவதில்லை. நான் பார்த்தவை போட்டோக்கள்தான். ஆடுகிற பெண்களின் முகங்கள் உயிரோடு இருக்கின்றன. வெளியே பெயரும் வீட்டு எண்ணும் இருக்கிறது, முகமில்லை. உள்ளே முகமிருக்கிறது, பெயருமில்லை வீடுமில்லை. ஆயிரம் வருஷமாக ஒரே கோயிலின் உள்ளும் புறமுமாக இந்த இரண்டும் சந்திக்காமல் நிற்கின்றன. உருவப்படம் என்று ஒன்று இருந்தால் அது இந்த இரண்டும் சந்திக்கிற இடமாக இருக்க வேண்டும்.

எழுத்துக்கு வருகிறேன், நம்மில் பலருக்குக் காமிரா இல்லை, ஆனால் லென்ஸ் இல்லாதவர் யாருமில்லை. மௌனியின் கதைகளை எஃப் 2-க்கும் கீழே எடுத்தவை என்று சொல்லலாம். ஊர் கரைந்து மனம் மட்டும் மிதக்கிறது. அது அவருக்குத் தேவையாக இருந்தது, அவர் இருட்டில் எடுத்தவர். ஜானகிராமனிடம் காவிரியும் கும்பகோணத்து வீதியும் மணக்கின்றன; ஆனால் அந்த வீட்டுக் குதிருக்கு நெல் எந்தக் கைகளால் வந்தது என்பது பெரும்பாலும் தூரத்துப் பச்சையாகவே நின்றுவிடுகிறது. இந்த ஜில்லாவில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலிப் போராட்டத்தை ஒட்டி, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதை நாவலாக்க முன்வந்தது இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல், 1975-ல். முன்வந்ததற்கே அவரை மதிக்க வேண்டும். ஆனால் நிலவுடைமையாளன் ஒருவனின் ஆண்மைக் குறைவில் அந்தக் கொடுமையின் வேரைத் தேடியதற்காக அந்த நாவல் கண்டிக்கப்பட்டது. என் பாஷையில் சொன்னால், ஊரையே எடுக்க வேண்டிய இடத்தில் அவர் 90 லென்ஸை மாட்டி, திறப்பை முழுக்கத் திறந்து, ஒரு முகத்தின் நரம்பைத் துல்லியமாக்கிவிட்டார். கூலி, கொடி, மனை, மரக்கால் எல்லாம் பின்னால் அழகாகக் கரைந்தன. நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். வேப்பமரத்தடியில் நான் செய்ததும் இதுதான் என்று தெரிந்த பிறகுதான் இதைச் சொல்ல எனக்குத் துணிவு வந்தது.

பின்னணியை மங்கலாக்குவது எப்போதும் பாவம் என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் காட்டுவது என்ற ஒன்று கிடையாது. ஒவ்வொரு வாக்கியமும் எதையோ விட்டுவிட்டுத்தான் நிற்கிறது. பிரச்னை விடுவதில் இல்லை, தெரிந்து விடுகிறோமா என்பதில் இருக்கிறது. இங்கேதான் ரேஞ்ச்ஃபைண்டர் எனக்கு ஒரு உபாத்தியாயராக ஆயிற்று. மற்றக் காமிராக்களில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். லென்ஸ் மங்கலாக்குவதை நாமும் மங்கலாகவே பார்க்கிறோம். வீடு நம் கண்ணிலிருந்தே மறைந்துவிடுகிறது, மனசாட்சிக்கு வேலையில்லை. இதில் அப்படியில்லை. பார்க்கிற ஜன்னல் வேறு, எடுக்கிற கண் வேறு. ஜன்னலில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. நடுவில் ஒரு சிறு கட்டத்தில் மட்டும் உருவம் இரண்டாகத் தெரியும்; வளையத்தைத் திருகி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். எம் 3-ல் 90 லென்ஸை மாட்டினால் 90-க்கான வெள்ளைக் கோட்டுச் சட்டமும் அதைச் சுற்றி 50-க்கான பெரிய சட்டமும் ஒருசேரத் தெரிகின்றன. நாம் எதை எடுக்கிறோமோ அதுவும், எடுக்காமல் விடுவதும், அதற்கு வெளியே வந்து போகிற ஆடும் எல்லாமே தெரியும். அன்றைக்கு நான் அந்தச் செங்கல் சுவரைப் பார்த்தேன். ஒவ்வொரு செங்கல்லையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அழித்தேன். தெரியாது என்று சொல்லிக்கொள்ள இந்தக் காமிரா இடம் கொடுக்கவில்லை.

மறுபடி எடுக்க அனுமதி கேட்டேன். அந்த அம்மா உள்ளே போய் இன்னொரு போட்டோ கொண்டுவந்து காட்டினார். ஏதோ ஒரு கணக்கெடுப்புக்காக அதிகாரி ஒருவர் எடுத்தது. வீடு முழுவதும் இருந்தது. வாசலில் அவர் தீக்குச்சி உயரம். "இதுல வூடு இருக்கு, நான் எறும்பு மாரி இருக்கேன். ஒன்னுதுல நான் இருக்கேன், வூடு இல்ல" என்றார். இதைவிடச் சுருக்கமாக ஒரு விமர்சனத்தை நான் படித்ததில்லை.

எஃப் 8 வைத்தால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். முழுக்கச் சரியாகாது, இரண்டரை மீட்டரில் நின்று எஃப் 8-ல் எடுத்தாலும் அவருக்கு நாலு மீட்டர் பின்னால் இருக்கும் சுவர் மங்கத்தான் செய்யும். எவ்வளவு மூடலாம், எவ்வளவு பின்வாங்கலாம் என்று நான் மனத்துக்குள் அளந்துகொண்டிருந்தபோது அவர் வேப்பமரத்தடியிலிருந்து நடந்து போய்த் தம் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். நிலைக்கதவு தோளுக்கு அரை மீட்டர் பின்னால். "இங்கேருந்து எடு" என்றார்.

எனக்கும் அவருக்கும் நடுவே உள்ள தூரத்தையே நான் மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது, படத்தின் நியாயம் அதில்தான் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவேயில்லை. மரத்தடிக்கு அவரைக் கூப்பிட்டு வந்து நிறுத்தியவன் நான். முகத்துக்கு நல்ல வெளிச்சம் என்று அவரை வீட்டிலிருந்து பிரித்தது லென்ஸ் இல்லை. லென்ஸ் பிறகுதான் வந்தது.

அந்தப் படத்தில் முகமும் இருக்கிறது, நிலைக்கதவும் மஞ்சள் தடவிய படியும் பூசாத செங்கல்லும் இருக்கின்றன. முதல் படத்தின் மாயம் இதில் இல்லை. நண்பர்கள் முதலாவதுதான் மேல் என்கிறார்கள். கலையென்று பார்த்தால் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். இதை நான் மறைக்க விரும்பவில்லை. நியாயமானது அழகாகவும் இருந்தே தீரும் என்று யாரும் நமக்கு வாக்குக் கொடுத்ததில்லை.

பிறகு ஏன் கனமான எஃப் 2-ஐயே வைத்துக்கொண்டேன் என்று கேட்கலாம். படம் எடுத்து முடிந்ததும் அந்த அம்மா உள்ளே அழைத்தார். ஜன்னலில்லாத அடுக்களை, கதவு வழியாக வருகிற வெளிச்சம்தான். 400 பிலிமை மாட்டியிருந்தேன். எஃப் 2-ல் அறுபதில் ஒரு பங்கு நேரம் கிடைத்தது. எல்மாராக இருந்தால் கை ஆடியிருக்கும், அவரை அசையாதே என்று அதட்டியிருப்பேன். 1840-ல் வியன்னாவில் பெட்ஸ்வால் முதல் வேகமான உருவப்பட லென்ஸைக் கணக்கிட்டது இந்த அதட்டலைக் குறைக்கத்தான். அதற்கு முந்தின வருஷம்தான் புகைப்படம் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. மனிதர்கள் நிமிஷக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. வேகம் பிறந்தது உட்கார்ந்திருப்பவர்மீது வைத்த கருணையால். பின்னணியைக் கரைப்பது அதன் பக்கவிளைவு. நாம் பக்கவிளைவைத்தான் கலை என்று வாங்கிக்கொண்டோம். இருட்டுக்கு வேகம் வேண்டும். வெளிச்சத்தில் அந்த வளையத்தை மூடுவதற்கு விரல் பழக வேண்டும்.

எல்மாரைக் கும்பகோணத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெரியவர் காரணம் கேட்கவில்லை. "எல்லாரும் கடைசில அதத்தான் எடுத்துக்குவாங்க" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து என் சமாதானங்களின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எல்லோரையும்போல நானும் அந்த மிதப்புக்காகத்தான் வைத்துக்கொண்டேனோ, அடுக்களை இருட்டு பிறகு தேடிக்கொண்ட காரணமோ, தெரியவில்லை.

அந்த அம்மாவுக்குக் கொடுத்த படத்தின் பின்புறத்தில் பெயரும் ஊரும் தேதியும் எழுதச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதினேன். எங்கள் வங்கிப் பதிவேட்டில் அந்தப் பெயர் வேறு எழுத்துக்களில் இருக்கிறது. திருத்துவதற்கு ஒரு விண்ணப்பமும் ஒரு புது போட்டோவும் வேண்டும். நீலத்துணிக்கு முன்னால் எடுத்தது. இந்தக் கட்டுரையில் அவர் பெயரை நான் எழுதவில்லை, நான் அதற்கு அவரிடம் கேட்கவில்லை. அடுத்த மாதம் உதவித்தொகைக்கு வருவார். கேட்க வேண்டும்.